முதலில் ஒப்புக்கொண்டவன்

“அஞ்சு கொலையும் நான்தான் பண்ணேன்” என்றான் ஈவார், கையிலிருந்த பகடைகளை மேஜையில் வைத்துவிட்டு. “பொணத்தைத் தேடி நீங்க அலைய வேண்டாம். சட்டியில வேகுது.”

அடுப்பருகே நின்ற அவன் மனைவி ரக்னில் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கதவைத் தட்டி உள்ளே வந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றி வைத்தார், ஒரு அட்டையை நீட்டினார், “இந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டதா புகார் வந்திருக்கு. விசாரிக்கணும்” என்றார். அவ்வளவுதான். அட்டையை யார் படித்தார்கள்? “போன வருஷத்து அட்டை இதைவிட நல்லா இருந்துச்சு” என்று குறை வேறு சொல்லி ரக்னில் அதை மேஜையில் போட்டுவிட்டாள்.

ஈஸ்டர் வாரம். அவர்கள் நாட்டில் பால் பாக்கெட்டில்கூடத் துப்பறியும் கதை அச்சடித்து வருகிற வாரம். மலைமேல் இருக்கும் மரவீட்டுக்கு வந்துவிட்டால் இவர்கள் இருவருக்கும் கொலை நாவல், பகடை, நிதானமான சமையல், படுக்கப் போகுமுன் ஒரு பேய்க்கதை; வேறு வேலை கிடையாது.

போதாக்குறைக்கு ரக்னிலின் தம்பி ஸ்வெர்ரே. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் தன் நண்பன் எவனையாவது துப்பறிவாளன் வேஷத்தில் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பி வைப்பான். வருகிறவன் ஏதோ ஒரு குற்றத்தைச் சொல்லி விசாரித்து, புருஷன் பெண்டாட்டியில் ஒருவரைக் குற்றவாளி என்று கை காட்டுவான். மாட்டினவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழிவறையின் வாளியைக் காலி செய்ய வேண்டும்.

வருஷா வருஷம் மாட்டுவது ஈவார்தான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். ததும்பும் வாளியோடு முழங்கால் ஆழப் பனியில் நடப்பதை நினைத்தாலே ஈஸ்டர் கசந்தது அவனுக்கு.

இந்த வருஷம் யோசித்து வைத்திருந்தான். எந்தக் கொலை நாவலிலும் ஆரம்பத்திலேயே ‘நான்தான்’ என்று கை தூக்குகிறவன் கடைசியில் குற்றவாளியாக இருந்ததில்லை. முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டால் சந்தேகம் தானாக ரக்னில் பக்கம் போய்விடும். பொய்யே வேண்டாம்.

ரக்னில் சும்மா இருப்பாளா? “இவன் பேச்சை நம்பாதீங்க. அது பேய் சுட்ட சத்தம். அந்தக் காலத்துல பனியில மாட்டிச் செத்த வேட்டைக்காரன் ஒருத்தன் இன்னும் இங்கதான் சுத்திட்டு இருக்கான்.”

வந்தவர் ஈவாரையே பார்த்தார். “எதுல சுட்டீங்க?”

“என் துப்பாக்கியிலதான். அதோ, மழைக்கோட்டுக்குப் பின்னாடி.”

“எப்போ?”

“நேத்து மத்தியானம்.”

“அஞ்சும் சட்டியிலயா?”

“நாலுதான். ஒண்ணை நாளைக்குன்னு வெளியில பனியில புதைச்சு வெச்சிருக்கேன். வேணும்னா தோண்டிப் பாருங்க, விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி.”

ரக்னில் அவனை உற்றுப் பார்த்தாள். காது சிவக்கவே இல்லை. பயல் எங்கேயோ பயிற்சி எடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். வாளி தன் கைக்கு வந்துவிடுமோ என்று முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

சட்டியைத் திறந்தாள். பாலாடையும் பழுப்பு நிற ஆட்டுப்பால் சீஸும் கரைந்த குழம்பு வாசனை வீட்டை நிறைத்தது. “முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் விசாரிக்கலாம்.”

வந்தவர் எச்சில் விழுங்கினார். “வேலை நேரத்துல சாப்பிடறதில்லைங்க.”

“ரொம்பத்தான்! போன வருஷம் வந்தவர் மூணு தட்டு சாப்பிட்டார்.”

அவர் வெளியே போனார். கொட்டகைப் பக்கம் பனியைக் கிளறும் சத்தம் கேட்டது. “உன் தம்பி இந்தத் தடவை நல்ல நடிகனாப் புடிச்சிருக்கான்” என்றான் ஈவார். “சிரிக்கக்கூட மாட்டேங்கிறான் பாரு.”

திரும்பி வந்தவர் கையில் ஒரு பை இருந்தது. ரக்னிலைப் பார்த்து, “சமைச்சது நீங்கதானே?” என்று கேட்டார்.

“ஆமா… நான்தான்.”

மேஜைக்கடியில் ஈவார் தன் தொடையைத் தட்டிக்கொண்டான். திட்டம் பலித்துவிட்டது. வாளி அவளுக்கு!

அந்த நேரம் பார்த்து ரக்னிலின் போன் சிணுங்கியது. “ஸ்வெர்ரே மெசேஜ் போட்டிருக்கான்” என்று சத்தமாகப் படித்தாள். “‘அக்கா, அத்தான், மன்னிச்சுக்கோங்க. நான் அனுப்ப இருந்த ஆளு காய்ச்சல்ல படுத்துட்டான். இந்த வருஷம் ஆட்டம் இல்லை. வாளியை ரெண்டு பேரும்…’”

அவள் படிப்பதை நிறுத்திவிட்டுச் சட்டியை மூடினாள்.

“ஆட்டம் இல்லையா?” ஈவார் துள்ளி எழுந்தான். “அப்ப நான் தோக்கலை!”

பிறகுதான் வந்தவரைப் பார்த்தான். மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்தான். அரசாங்க முத்திரை தெளிவாகவே இருந்தது.

“சார், அது… அது கடையில வாங்கினது” என்றான். இரண்டு காதும் தக்காளியாகச் சிவந்துவிட்டன.

வந்தவர் பையிலிருந்து ஒரு வெள்ளை இறகை எடுத்து அட்டையின் மேல் வைத்தார்.

“மலைக்கோழி சுடுற சீசன் எப்பவோ முடிஞ்சுடுச்சு சார்.”