மறுபடி எழுதாதவர்கள்

"அப்போ நான் எழுதின பதில் எல்லாமே மோசமான கட்டுலதான் போய் விழுந்திருக்கா?"

கடித அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையையே பார்த்தாள். பதினெட்டு வருடமாக வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது.

"எல்லாம் இல்லக்கா. நூத்துக்குத் தொண்ணூறுதான்," என்றான் நிரல் எழுதும் நெட்டை, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

குழுத் தலைவி நகத்தைக் கடித்தாள். வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சுக் கருவிகளைச் செய்யும் அந்தக் கம்பெனிக்கு இதுதான் முதல் செயற்கை நுண்ணறிவுத் திட்டம். அவளுக்கும் இதுதான் முதல் தலைமை. கடிதம் வந்தால் இனி இயந்திரமே பதில் எழுத வேண்டும். வெள்ளைப் பலகையில் நான்கு வட்டம் போட்டிருந்தாள்: யோசனை, தரவு, முன்மாதிரி, சோதனை. இரண்டாவது வட்டத்தில்தான் வண்டி நின்றது. எட்டு வருடத்துப் பழைய பதில்களில் எது நல்லது, எது மோசம் என்று இயந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

விடை அவளுக்குக் குளிக்கும்போது கிடைத்தது. பதில் போன பிறகு மறுபடி எழுதாதவர் திருப்தியானவர்; அந்தப் பதில் நல்ல கட்டுக்கு. மறுபடி எழுதுகிறவருக்குக் குறை தீரவில்லை; அந்தப் பதில் மோசமான கட்டுக்கு. இத்தனை எளிதாக இருக்கிறதே என்று அவளுக்கே தன் மேல் ஒரு பிரியம் வந்தது.

"உங்களுக்கு மட்டும் ஆளுங்க திரும்பத் திரும்ப எழுதுறாங்கக்கா. ஒருத்தர் பதினோரு தடவை எழுதியிருக்காரு," என்றாள் தலைவி.

"அவரா? அவரு சண்டைக்காரரும்மா. குழாய் ஒழுகுதுன்னு ஆரம்பிச்சு மருமக டிவி சத்தம் வரைக்கும் வந்துதான் நிறுத்துவாரு."

"நீங்க ஏன் கடைசியில 'இப்ப எப்படி இருக்கீங்க'ன்னு கேக்குறீங்க? கேட்டா எழுதத்தானே செய்வாங்க. மத்தவங்க பாருங்க, மூணு வரி. அதோட சரி."

"அதோட சரின்னா என்னம்மா அர்த்தம்?"

அந்தக் கேள்வியோடு தலைவி அரை நாளாவது உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மேலாளர் கொடுத்திருந்த ஆறு வாரத்தில் நாலு வாரம் ஓடிப்போயிருந்தது.

முன்மாதிரி ஓடினால் கடிதப் பிரிவை மூடிவிடுவார்கள் என்று மூவருக்கும் தெரியும். அக்காவின் மகன் இன்னும் படித்து முடிக்கவில்லை என்றும் தெரியும். அக்கா எழுந்து போனதும் நெட்டை நாற்காலியைத் தலைவியின் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அக்கா கடிதங்களையும் நல்ல கட்டுல சேத்துடலாமா? அப்போ இயந்திரத்துக்கு ஆசிரியரா அவங்களை வெச்சுக்கலாம்னு மேலாளர்கிட்ட கேக்க நமக்கு ஒரு வாய் இருக்கும்."

"தரவுல பாசம் பாக்கக் கூடாதுப்பா."

"பாசம்னு யாரு சொன்னா? எனக்கும் அவங்க எழுதுறது பிடிக்கும், அவ்வளவுதான்."

"பிடிக்கிறதை எப்படி அளக்குறது?"

நெட்டை நாற்காலியை மறுபடி தன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

முன்மாதிரி ஓடியது. எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் கண் சிமிட்டும் நேரத்தில் மூன்று வரி எழுதியது. வடிகட்டியை மாற்றவும். எங்கள் ஆள் வருவார். பொறுமைக்கு நன்றி. மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார். அக்காவும் தட்டினாள்.

"நல்லா எழுதுதும்மா. ஒரு பிழை இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை அக்கா மேசையைக் காலி செய்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு பை நிறையக் கடிதங்களை எடுத்தாள். "இதெல்லாம் எனக்குன்னு வந்ததும்மா. எடுத்துட்டுப் போகட்டுமா?"

"கம்பெனி காகிதம்க்கா. விதிப்படி..." என்று இழுத்தாள் தலைவி.

"சரிம்மா. நீ சங்கடப்படாத." அக்கா பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். கூடவே வாசல் வரைக்குமாவது போயிருக்கலாம் என்று தலைவிக்குத் தோன்றியபோது கீழே கதவு சாத்திக்கொண்டது.

திங்கட்கிழமை மேலாளர் எட்டிப் பார்த்தார். "திருப்தியானவங்க நாலு பேருக்குப் போன் போட்டு நல்ல வார்த்தை வாங்கி வைம்மா. கூட்டத்துல போட்டுக் காட்டணும்."

தலைவி நல்ல கட்டின் பட்டியலைத் திறந்து மேலிருந்து ஆரம்பித்தாள். முதல் எண் உபயோகத்தில் இல்லை.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் எடுத்தார். "அந்தக் கருவியா? அப்பவே வித்துட்டோமே."

வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது வீட்டு அம்மாள் கேட்டதுமே சிடுசிடுத்தாள். "மூலையில கெடக்கு. ஆள் அனுப்பி எடுத்துட்டுப் போங்க, அதைப் பாக்கவே பிடிக்கல."

நெட்டை தலையை நீட்டினான். "நல்ல வார்த்தை ஏதாவது தேறுச்சா?"

"இரு."

நான்காவது எண்ணை ஓர் இளம்பெண் எடுத்து, எழுதியவரின் மகள் என்றாள். தலைவி குரலை இனிமையாக்கிக்கொண்டாள். "உங்க அப்பா கருவி நின்னு நின்னு போகுதுன்னு எங்களுக்கு எழுதியிருந்தாருங்க. நாங்க பதில் போட்டதுக்கப்புறம் மறுபடி எழுதவே இல்ல. அதான், திருப்தியா இருந்துச்சான்னு அவர்கிட்ட ரெண்டு வார்த்தை கேக்கலாமேன்னு..."

அந்தப் பெண் அவளை முடிக்க விடவில்லை.

"உங்க பதில் வந்துச்சு மேடம். அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தோம், கதவு இடுக்குல இருந்துச்சு."

பட்டியலில் திருப்தியானவர்கள் இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள்.