முழு வட்டையும் அழி

முதலில் வந்தது ஒரு மிக்ஸி.

மடிக்கணினித் திரையில், தபால்தலை அளவுக்கு. என்றோ இணையத்தில் விலை பார்த்தது. அடுத்து ஒரு பட்டுப்புடவை. அடுத்து இரண்டு ரோஜாவோடு ‘இனிய காலை வணக்கம்’.

“பிள்ளை படம் எங்க?” என்றாள் அவள்.

“குப்பைதான்க்கா முதல்ல வரும். பொறுங்க,” என்றாள் பெனிட்டா.

கோவில்பட்டி லினக்ஸ் பயனர் குழு. பெயர்தான் பெரிது. மாதத்தில் ஒரு ஞாயிறு, டியூஷன் சென்டர் மாடியில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேர்தான் குழு. தெரிந்தவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெரியாதவர் கடலைமிட்டாய் வாங்கி வர வேண்டும். சட்டமே அவ்வளவுதான். பெனிட்டா சொல்லிக்கொடுக்கிற கட்சி.

அவள் கடலைமிட்டாய்க் கட்சி.

அந்தக் கட்சியை விட்டு மாற ஆசைப்பட்டதில் வந்த வினை இது. போன மாதம் எல்லார் கணினியிலும் பெனிட்டா லினக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவள் மட்டும், நானே போட்டுக்கிறேன் என்றாள். திரை இரண்டு வழி காட்டியது. பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடு. அல்லது, முழு வட்டையும் அழித்துவிட்டுப் போடு.

பெருக்கித் துடைத்துவிட்டுக் குடிபோவதுதானே முறை?

இரண்டாவதை அழுத்தினாள்.

லினக்ஸ் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போய்த் திறந்தபோதுதான் தெரிந்தது, மகன் கவின் பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது வரை எடுத்த படங்களில் ஒன்றுகூட இல்லை. வேறு எங்கும் பிரதியும் இல்லை.

வீட்டில் மூச்சு விடவில்லை. ‘கம்ப்யூட்டர் படிக்கப் போய் என்னத்தக் கிழிச்ச?’ என்று புருஷன் கேட்டால், கிழித்ததைக் காட்ட வேண்டியிருக்கும்.

போனில் பெனிட்டா சொன்னாள். அழித்தது உடனே போய்விடாது. அதன்மேல் வேறொன்றை எழுதும்வரை அங்கேயேதான் கிடக்கும். பெயர் போயிருக்கும், படம் இருக்கும். ஆனால் கணினியைத் தொடவே கூடாது.

சார்ஜர் கெட்டுவிட்டது என்று சொல்லி, அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஒரு மாதம்.

இப்போது பெனிட்டா ஓட்டிய மீட்பு மென்பொருள் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பிரஷர் குக்கர். ஒரு ராசிபலன். இன்னொரு ரோஜா.

பிறகு ஒரு குட்டிப் பாதம்.

அவள் எழுந்தே விட்டாள். பெஞ்சு மறுபக்கம் சாய்ந்தது.

“கவின் காலு.”

ஓய்வுபெற்ற தபால்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி தன் கணினியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மற்றவர்களும் வந்து சூழ்ந்தார்கள். பாதத்துக்குப் பின்னால் மொட்டைத்தலை. முகமெல்லாம் பருப்புச்சோறு. அப்பாவின் பைக் டேங்க்மேல் ராஜா மாதிரி. ஆச்சி மடியில் அழுதபடி. வந்துகொண்டே இருந்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து, கேட்டவர் கேட்காதவர் எல்லார் கையிலும் திணித்தாள்.

அடுத்த படத்தில் கவினை ஒருத்தி தூக்கி வைத்திருந்தாள்.

நைட்டி. வாராத தலை. உப்பிய கன்னம், கண்ணுக்குக் கீழே கருப்பு. பிள்ளையைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடலைமிட்டாய் நீட்டிய அவள் கை அப்படியே நின்றது.

இது போன மாதம் போனதில்லை. கவினுக்கு ஒரு வயதுகூட ஆகாதபோதே போனது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாத்தனார் கேட்டாள். ‘பிள்ளையத் தூக்கிட்டு நிக்கிறது யாரு? வேலைக்கு ஆள் போட்டிருக்கீங்களா?’

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்று மதியம் தனியாக உட்கார்ந்து, தான் இருந்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள். அதற்குப் பிறகு கேமராவுக்கு முன்னால் வரவேயில்லை.

போன வருடம் கவின் கேட்டான். ‘நான் பாப்பாவா இருந்தப்ப நீ எங்கம்மா போயிருந்த?’

எங்கே போயிருந்தாள்? இதோ வருகிறாள். நீட்டிய காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டு. தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு. பிள்ளை தூங்க, அதன் பக்கத்திலேயே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு. வரிசையாக வந்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குள் குனிந்தார்.

“இது யாரு தாயி, உன் தங்கச்சியா? நல்லா களையா இருக்கா.”

அவள் பார்த்தாள். களையாகத்தான் இருந்தாள்.

“கவின் படம் மட்டும் போதும்னீங்களேக்கா,” பெனிட்டா கேட்டாள். “மத்ததை அழிச்சிரட்டுமா?”

அவள் மவுஸை வாங்கிக்கொண்டாள்.

நைட்டி போட்ட படத்தைத் தொட்டாள். அதற்குப் பெயர் இல்லை, ஒரு நீளமான எண்தான் இருந்தது. எண்ணை அழித்தாள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினாள்.

அண்ணாச்சி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

‘அம்’ என்று தட்ட ஆரம்பித்தாள்.