இரண்டு துண்டு

இத்தாலியில், பொலோனாவின் பழைய சந்தைத் தெருவில், எட்டுப் பேரைக் கடை கடையாக அழைத்துப்போய் ருசி பார்க்கவைத்துக்கொண்டிருந்தாள் வழிகாட்டிப் பெண். முதல் கடையில் பாலாடைக்கட்டி வந்தது. "உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது புள்ள, இங்க தள்ளு" என்று பாலகுருசாமி மனைவி திலகவதியின் பங்கையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவது கடையில் கேட்கக்கூட இல்லை, கை தானாக வந்தது. மூன்றாவதிலும் அப்படியே. முப்பத்தோரு வருடமாக வந்துகொண்டிருக்கிற கைதானே என்று திலகவதி விட்டுவிட்டாள். நான்காவது கடையில் வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு துண்டு இறைச்சி வைத்துக்கொண்டே வந்தவள், பாலகுருசாமியின் தட்டில் இரண்டாக வைத்துவிட்டுத் திலகவதியைத் தாண்டிப் போனாள். எங்கிருந்தோ வந்த இவள்கூட மூன்றே கடையில் பழகிக்கொண்டுவிட்டாள்! திலகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவரின் தட்டை வெடுக்கென்று இழுத்து, இரண்டு துண்டையும் ஒரே வாயாக அடைத்துக்கொண்டாள். வழிகாட்டிப் பெண் பதறித் திரும்பி வந்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பாலகுருசாமி பதில் சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க!" என்றாள் திலகவதி, வாய் நிறைய இறைச்சியோடு. பிறகு கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் நிதானமாக மெல்லத் தொடங்கினாள். அவள் மென்று முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்து நின்றார்கள்.