எல்லாரும் சிரிச்ச பரீட்சை

"நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒழுங்கா கேளு!"ன்னு அதட்டினாங்க டீச்சர்.

நர்சிங் காலேஜ்ல செய்முறைப் பரீட்சை. வீட்ல அடி உதை உண்டான்னு கர்ப்பிணிங்ககிட்ட பக்குவமாக் கேக்கணும். சுத்தி முப்பது பேரு உக்காந்து வேடிக்கை.

போன வருஷம் வரைக்கும் ஒருத்தி வயித்துல தலையணையக் கட்டிக்கிட்டு நடிப்பா. பாதியில தலையணை நழுவி விழும். "சுகப்பிரசவம்!"னு கிளாஸே கைதட்டும்.

இந்த வருஷம் அந்தத் தொல்லை இல்ல. ஆபீஸ்ல டைப் அடிக்கிற அக்காவுக்கு நிஜமாவே ஆறு மாசம். "எது கேட்டாலும் 'வீட்ல எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க'ன்னு சொல்லும்மா, போதும்"னு டீச்சர் கூட்டிட்டு வந்துட்டாங்க.

கடைசியா வந்தவ பட்டப்பேரு லவுட்ஸ்பீக்கர். யார் குரல்ல வேணா பேசுவா. இதுல கோட்டை விட்டா இன்னொரு வருஷம் படிக்கணும்.

"அக்கா, வீட்ல யாராவது உங்க மேல கை வைக்கிறாங்களா?"

அக்கா பதில் சொல்றதுக்குள்ள லவுட்ஸ்பீக்கர் சடார்னு எந்திரிச்சா. கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, இடுப்புல கைய வச்சுக்கிட்டா.

"ஏம்மா! இது ஊசியா, கடப்பாரையா? நோயாளிய குத்தச் சொன்னா செவத்தக் குத்துற?"

அச்சு அசல் டீச்சர் குரல்! அதே நடையில ஒரு சுத்து வேற. கிளாஸே வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருண்டுச்சு.

"வெளிய போ! மார்க் பூஜ்யம்!"னு கத்தினாங்க நிஜ டீச்சர்.

"சரிங்க டீச்சர். வாங்கக்கா, நாம போலாம்"னு அக்கா கையயும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா.

"இன்னிக்கு இருக்கு இவளுக்கு"ன்னு டீச்சர் தேடிக்கிட்டுப் போனாங்க. பெட்ஷீட் அடுக்கி வச்சிருக்கிற ரூம்ல பேச்சு சத்தம். லவுட்ஸ்பீக்கர்தான். ஆனா யார் குரலும் இல்ல, அவ சொந்தக் குரல்.

"அழுங்கக்கா, இங்க யாரும் இல்ல. அங்க உங்க கண்ணு கலங்கினத ஒருத்தரும் பாக்கல. எல்லாரையும் என்னைப் பாத்து சிரிக்க வச்சுட்டேன்ல?"

"உனக்கு ஒரு வருஷம் போச்சேடி..."

"அது கெடக்குது. எத்தன நாளா அடிக்கிறாரு?"

டீச்சர் வாசல்லயே நின்னுட்டாங்க. 'தனியா இருக்கும்போதுதான் கேக்கணும்'னு பாடம் எடுத்தது அவங்கதான். முப்பது பேர் நடுவுல உக்கார வச்சதும் அவங்கதான்.

சத்தம் போடாம கதவச் சாத்தினாங்க.

படியேறி ஒருத்தர் வந்தாரு. மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

"வணக்கம் மேடம். என் வைஃப் உங்ககூடதான் இருக்கான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

டீச்சர் ஒரு நாற்காலிய இழுத்து, கதவ மறிச்ச மாதிரிப் போட்டு, அசையாம உக்காந்துக்கிட்டாங்க.

"உங்க வைஃபா? இந்தப் பக்கமே வரலையே!"