213-ஆம் பக்கம்

“கிழவன் செத்துட்டான் மேடம். யார் கொன்னதுன்னு தெரியாம ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை!”

ஓய்வுபெற்ற தபால்காரர் நாவலை மேசைமேல் பொத்தென்று போட்டார். நூலகர் அம்மாள் புரட்டிப் பார்த்தாள். 212-ஆம் பக்கத்தோடு கதை நின்றது. கடைசித் தாளை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

இதோடு மூன்றாவது பிரதி.

நாவல் அப்படி. வசதியான ஒரு மாமனாரைத் தீர்த்துக்கட்ட வீட்டிலுள்ள ஏழு பேர் தனித்தனியாகக் கிளம்பி, ஒவ்வொருவராக அசடு வழிவதுதான் கதை. நூலகர் அம்மாள் சாப்பாட்டு நேரத்தில் படித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தவள். அவளுக்கும் முடிவு தெரியாது. கடைகளில் விசாரித்தால், புத்தகம் வந்த அன்றே யாரோ ஒருத்தர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாராம்.

அவளுடைய சந்தேகம் எழுத்தாளர்மேல்தான். இதே நூலகத்தில் பழைய உறுப்பினர். அவருடைய முந்தைய நான்கு நாவல்களைக் கரையான் மட்டுமே முழுதாகப் படித்திருந்தது. முடிவை மறைத்துவிட்டால் வாசகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள், அடுத்த பதிப்பு நிச்சயம். மனுஷன் பலே ஆள்!

தலைமை நூலகத்திலிருந்து நான்காவது பிரதி வந்தது. பார்சலைப் பிரிக்கும்போதே எழுத்தாளர் படியேறி வருவது ஜன்னலில் தெரிந்தது. படிக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு, புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்துவிட்டு, அகராதிகளுக்குப் பின்னால் பதுங்கினாள்.

எழுத்தாளர் இடமும் வலமும் பார்த்தார். புத்தகத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பிளேடு வெளியே வந்தது.

சர்ர்க்.

“கையும் பிளேடுமா பிடிச்சேன்!”

தாளைப் பிடுங்கி நின்ற இடத்திலேயே படித்தாள். ஏழு பேரும் தோற்றுப்போன பிறகு எட்டாவதாக ஒருவன் காரியத்தை முடித்திருக்கிறான். பூச்சியைக்கூட மிதிக்காத மாப்பிள்ளை. மாமனாரின் இதய மாத்திரைக் குப்பியில் அதே நிறத்தில் மிட்டாயை நிரப்பி, அன்பாக எடுத்துக் கொடுத்தே ஆளை அனுப்பிவைக்கிறான். கிழவரும், ‘மருந்து இப்பல்லாம் நல்லா இனிக்குது மாப்ளே’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். டாக்டர் ‘இயற்கை மரணம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எழுத்தாளர் முகத்தில் ஈயாடவில்லை.

“இவ்வளவு நல்ல முடிவை ஒளிச்சு வச்சா புக்கு பிச்சுக்கிட்டுப் போகும்னு பார்த்தீங்க. அப்படித்தானே?”

அவருக்குச் சட்டென்று உயிர் வந்தது. சிரித்தும்விட்டார். “ஆமா மேடம்! வியாபாரத்துக்குத்தான். வேற ஒண்ணும் இல்லை. புத்தி கெட்டுப்போச்சு.”

“இதுல வேற சிரிப்பு! நாளைக்கே நாலு புக்குக்கும் கடைசிப் பக்கம் வந்தாகணும். இல்லைன்னா போலீசுக்குப் போவேன்.”

“ஐயையோ, போலீசெல்லாம் எதுக்கு மேடம்! நானே அச்சடிச்சுத் தர்றேன்.” அவள் கையிலிருந்த தாளையும் பணிவாக வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய மனைவி ஓர் உறையோடு வந்தாள். உள்ளே நான்கு தாள்கள்.

ஆவலாக ஒன்றை உருவிப் படித்த நூலகர் அம்மாளுக்கு முகம் சுருங்கியது. கிழவர் வயதாகித் தூக்கத்தில்தான் இறந்துபோயிருக்கிறார். மாப்பிள்ளையும் இல்லை, மிட்டாயும் இல்லை.

“என்னம்மா இது, யாருமே கொல்லலையே! சப்புன்னு இருக்கு. நேத்து நான் படிச்சது எவ்வளவு பிரமாதமா இருந்தது! உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?”

“அவருக்கு மனசே சரியில்லை மேடம். இந்த புக்கு அச்சுல இருந்தப்பதான் எங்கப்பா நெஞ்சு வலியில போயிட்டார்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அவர் பெத்த பொண்ணுங்க நாங்ககூட அவரை அப்படிப் பார்த்துக்கலை.”

“அடடா…”

“கடைசி நாள் வரைக்கும் வேளை தவறாம அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தது இவர்தான் மேடம்.”