எஸ்தரின் சூடு

மூன்று வருடங்களுக்கு முன் இறந்த எஸ்தரின் மனம் ஒரு மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி வெயிலில் அது கொதிக்கவே, அவள் கணவர் தங்கையா மெக்கானிக் ஜமீலாவை அழைத்தார்.

"பிராசஸருக்கு வோல்டேஜைக் குறைச்சிட்டேன் அண்ணாச்சி. இனி சூடாகாது, பத்து வருசம் ஓடும்."

சூடு தணிந்தது. எஸ்தரும் தணிந்துவிட்டாள். மாத்திரை போடவில்லை என்று தங்கையா சொன்னாலும் "சரிங்க" என்றாள், குளிக்கவில்லை என்றாலும் "சரிங்க" என்றாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் கேட்டறியாத சொல் அது.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஜமீலாவை மறுபடி வரவழைத்தார். "பழையபடி ஏத்திரு தாயி."

"இந்தக் கோடையத் தாண்டாது அண்ணாச்சி."

"தெரியும்."

அவள் ஏற்றினாள். விசிறி இரைந்தது.

"வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு காப்பி குடுக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று சீறினாள் எஸ்தர்.

தங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.