ஏழு நாள் கடல்

பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் ஏழு நாள். எதிர்த்துப் பேசிய சடையனைக் கங்காணி பெரியாண்டி திங்கட்கிழமை தானே கப்பலேற்றினார். அது கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் காம்பார் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பினார்.

புதன்கிழமை காலை, பெயர் கூப்பிடும் பெரட்டில், பட்டியலிலிருந்து நீக்க மறந்திருந்த அந்தப் பெயரையும் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

“இருக்கேங்க.”

வரிசையில் தன் இடத்தில், பால்வாளியோடு நின்றான் சடையன்.

“நாயே, கப்பல்லேருந்து குதிச்சிட்டியா?” பெரியாண்டி பிரம்பை ஓங்கினார்.

“இல்லீங்க. ஊருக்குப் போய்ட்டுத்தான் வாரேன். உங்க வீட்டுக்கும் போனேன்.”

சடையன் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினான். ஊரிலிருக்கும் மனைவிக்குப் பெரியாண்டி கல்யாணத்தன்று தன் கையால் போட்டுவிட்ட மெட்டி. அவள் குளிக்கும்போது காலில் பூசிய மஞ்சள் அதில் இன்னும் காயவில்லை.